டர்பன் மேடையில் வள்ளி வேஷம் கட்டிய ஆயா

நாடக நடிகைகளோடு நேரில் பழகியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இருந்த ஆயாதான். பெயர் போடுவதில் அவர் குடும்பத்துக்கு விருப்பமில்லை, அதனால் ஆயா என்றே எழுதுகிறேன்.

ஆயாவுக்குப் பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம். தாவணி வயதிலேயே ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், போட்டவர். அந்த நாடகங்களுக்கு ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் போடும் கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், சாயங்காலம் வந்து சேர்ந்து அரிதாரம் பூசி மேடை ஏறினால் விடிய விடிய நடக்கும். நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் நடுவில் வரும் தர்க்கம் அந்தந்த நேரத்தில் வாயில் வருவதுதான். நாரதர் மடக்கினால் வள்ளி அங்கேயே திருப்பி மடக்கியாக வேண்டும். தடுமாறினால் அடுத்த ஊரில் கூப்பிட மாட்டார்கள்.

கல்யாணமாகி பம்பாயிலிருந்து கரஞ்சா கப்பலில் வந்து இறங்கினார். 1953இல் சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து மனைவிமார் வருவதையே தடுத்தார்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால். தாத்தாவுக்கு எர்லி மார்னிங் மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். நாடகக்காரியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று உறவில் பலர் பேசினார்களாம். மாமியார் பேசவில்லை. அவர் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்திலேயே பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் மகள், வள்ளி கதையைக் கேட்டிருக்கிறாரே தவிர ஒரு பெண் குரலில் பாடிக் கேட்டதில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்ட நாடகம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் மருமகளை அவரே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குழுவில் பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்க்கெட்டிலிருந்து தாத்தா கொண்டுவந்த தக்காளிப் பெட்டிகளை அடுக்கித்தான் வள்ளிக்குப் பரண். ஆயா அதன்மேல் நின்று கவண் சுற்றி ஆலோலம் பாடியபோது கைதட்டல் அடங்கவில்லையாம், ஆனால் தர்க்கம் தொடங்கியதும் கூட்டத்துக்கு முக்கால்வாசி புரியவில்லை, மூன்றாம் தலைமுறைத் தமிழ் அல்லவா. அடுத்த நாடகத்தில் தர்க்கத்தைப் பாதியாக்கி, டர்பனில் புழங்கும் பேச்சையும் நடுநடுவே இங்கிலீஷையும் ஜூலுவையும் சேர்த்துவிட்டார். பலரும் இதைத் தரம் குறைத்ததாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, எதிரில் இருப்பவரைப் பார்த்து அந்த இடத்திலேயே பேசுவதுதானே அவர் கற்ற தொழில்!

எனக்குப் பத்து வயதில் பாட்டு சொல்லிக்கொடுத்தார். நான் பின்வாசல் கேட்டில் நின்று பாட வேண்டும், அவர் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவார். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி வார்த்தை கேட்காவிட்டால் முதலிலிருந்து. மைக் இல்லாத மேடையில் ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் பாடிய தொண்டை அவருடையது.

எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டது. யாரும் தடை போடவில்லை, 60களில் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள், ஆர்மோனியக்காரர் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் போனார்கள், சாயங்காலம் கூடிப் பேச வழியில்லாமல் போயிற்று. கிருஷ்ண ஷா இயக்கத்தில் தாகூர் நாடகம் ஒன்று டர்பனுக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதில் ராணி சுதர்சனா சூர்யகுமாரி, சென்னையில் சினிமாவில் பாடி நடித்தவர், பிற்பாடு லண்டனில் குடியேறினார். நம் பக்கத்துப் பெண்ணொருத்தி இங்கிலீஷில் அப்படி நடித்ததைப் பார்த்துவிட்டு வந்து ஆயா ரொம்ப நாள் அதையே பேசினார். ஆனால் யாரும் அவரை இங்கிலீஷ் நாடகத்துக்குக் கூப்பிடவில்லை. தெருக்கூத்தில் திரௌபதி கட்டவும் கேட்டுப் பார்த்தார், கடைசி வரை கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

——

அக்கா, நான் டர்பனில் மெயர்பேங்க் பக்கம். நீங்கள் சொல்லும் அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பா மேகசின் பாரக்ஸ் என்ற டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் கூத்து ஆடியவர், அவர்தான் திரௌபதி. கொடுக்காததற்குக் காரணம் விரோதம் இல்லை அக்கா. அங்கே திரௌபதி என்றால் வேஷம் மட்டுமில்லை, விரதம் இருந்து மஞ்சள் துணி கட்டி கோயில் முன்னால் ஆட வேண்டும், பெண் ஆடினால் தீட்டு என்று பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கோயிலில் முடியாது என்றானதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்து அடவு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார், சபதப் பாட்டு உட்பட. பதிலுக்கு அந்த அம்மா அப்பாவுக்கு வள்ளி பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். கூத்துக்காரர் குரல் அந்தக் கட்டைக்கு எட்டாது என்று இருவரும் சிரிப்பார்கள்.

——

தம்பி, இது எனக்குத் தெரியவே தெரியாது. ஆயா ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டை எங்காவது எழுதி வைத்தார்களா?

——

ஒரு நோட்டு இருக்கிறது அக்கா. முன்பக்கம் அப்பா கையெழுத்து, பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பிடித்து வேறு ஒருவர் எழுதியிருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், ஆயா கையெழுத்துதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.