புதிய பட்டதாரிகளைப் பயிற்றுவிப்பது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் 22 பேர் பணியாற்றும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில், இவ்வாண்டு இரண்டு புதிய பட்டதாரிகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க எண்ணியுள்ளோம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேருக்குக் குறைவாக உள்ள எங்களுக்கு இது கட்டாயமன்று, விருப்பத்தின்பேரில்தான் செய்கிறோம்.

உதவித்தொகை எங்களுக்குப் பெரிய சுமையன்று, மூத்த பொறியாளர்களின் நேரம்தான் சுமை. முன்பு சேர்த்த பயிற்சியாளர் ஒருவர், கோட் ரிவியூ (எழுதிய நிரலை மற்றொரு பொறியாளர் படித்துச் சரிபார்ப்பது) செய்ய ஆளின்றிச் சில்லறைப் பிழைகளையே மூன்று மாதம் திருத்திக்கொண்டிருந்துவிட்டு விலகினார். தவறு முழுவதும் எங்களுடையதே.

சிறு நிறுவனங்களில் இருப்பவர்கள், வாரத்திற்கு எத்தனை மணி நேரத்தை வழிகாட்டலுக்கென ஒதுக்குகிறீர்கள், உண்மையான வாடிக்கையாளர் பணியை எந்த மாதத்தில் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். குறிப்பிட்ட காலம்வரை விலகமாட்டேன் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கும் யோசனையை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை.