நம்ம குடும்பம் குரூப்: ஜெய்சால்மர் பக்கம் சைக்கிள்ல ரெண்டு நாள்

வியாழன் இரவு

நான்: எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்லிடுறேன். நாளைக்கு ராத்திரி ஜோத்பூர்ல இருந்து ஜெய்சால்மருக்கு ரயில் ஏறுறேன், கூட வேலை பாக்குற பார்மர் ஊர்க்காரன் ஒருத்தனும் வர்றான், சைக்கிளையும் அதே ரயில்ல புக் பண்ணி ஏத்திடுவோம், சனி ஞாயிறு பாலைவனத்துக்குள்ள ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில்ல திரும்பிடுவோம். துணி தண்ணி டூல்ஸ் சாப்பாடு எல்லாம் சைக்கிள்லயே கட்டிக்கிறதுதான், முதுகுல பை கெடையாது. பைக்பேக்கிங்னு சொல்வாங்க

அம்மா: பாலைவனத்துக்குள்ள சைக்கிள்லயா? ஏன்டா ஜீப்ல போனா ஆகாதா. குடிக்க தண்ணி எங்க கெடைக்கும் ராத்திரி எங்க படுப்ப

நான்: பயப்படாதம்மா. நெனைக்கிற மாதிரி முழுக்க மணல் கெடையாது, ஜெய்சால்மர் சுத்தி நெறைய எடம் கல்லு சரளை முள்ளுப்புதருதான், பெரிய மணல்மேடு சாம், குரி அந்தப் பக்கம்தான் இருக்கு. நடுவுல ஊர் வரும், ஆடு மேய்க்கிறவங்க வருவாங்க. தண்ணி ஆளுக்கு 5 லிட்டர் தூக்குறோம், காலியாகுற வரைக்கும் காத்திருக்காம ஊர் வர்றப்பெல்லாம் ரொப்பிக்கணும்னு பேசி வச்சிருக்கோம். ராத்திரி குரியில ஒரு வீட்ல மண்குடிசை சொல்லியாச்சு

மாமா: டெண்ட் எடுத்துட்டுப் போகலயா மாப்ள

நான்: இல்ல மாமா, அந்தப் பக்கம் தேசிய பாலைவனப் பூங்கா இருக்கு, 3162 சதுர கிலோமீட்டர், அதுக்குள்ள நெனச்ச எடத்துல டெண்ட் அடிக்கக் கூடாது. ஊர்க்காரங்க வீட்ல தங்குனா அவங்களுக்கும் நாலு காசு போகும்

பெரியப்பா: அங்க மழை எம்புட்டு தம்பி பெய்யும்

நான்: வருசத்துக்கு சுமார் 20 சென்டிமீட்டர் பெரியப்பா. நம்ம ராமநாதபுரம் பக்கம் 80க்கு மேல

பெரியப்பா: 80 பெஞ்சே நம்ம கம்மாய் ரொம்ப மாட்டேங்குது 20ல அவங்க என்னத்த வெள்ளாமை பண்றாங்க

நான்: அதைப் பாக்கத்தான் இந்தப் பக்கமா ரூட்டே போட்டது பெரியப்பா. காதீன்னு அந்தக் காலத்து விவசாய முறை ஒண்ணு இருக்கு, பாத்துட்டு வெவரமா எழுதுறேன்

சித்தி: குல்தாரா வழியாவா போறீங்க? பேய் ஊர்னு வீடியோல பாத்தேன், இருட்டுறதுக்குள்ள கெளம்பிடுங்கப்பா

சனி காலை

நான்: வந்து சேந்தாச்சு. 7 மணிக்குத்தான் வெளிச்சமே வருது, நல்ல குளிர். கோட்டைக்குக் கீழ டீ குடிச்சிட்டு கெளம்புறோம், கோட்டை மேல வெயில் பட்டு மஞ்சளா நிக்குது பாருங்க

[போட்டோ]

அக்கா: அழகா இருக்குடா!! கோட்டைக்குள்ள இன்னும் ஆளுங்க குடியிருக்காங்களாமே

நான்: ஆமாக்கா, வீடு கோயில் கடை எல்லாம் உள்ளயே இருக்கு. 1156ல கட்டுனது, யுனெஸ்கோ பட்டியல்ல 2013ல சேத்தாங்க

பாப்பு: அண்ணா சைக்கிள் போட்டோ போடுங்க, எப்படி கட்டியிருக்கீங்கன்னு பாக்கணும்

[போட்டோ]

நான்: முன்னாடி ஹேண்டில்பார்ல உருட்டிக் கட்டியிருக்கது ஸ்வெட்டரும் போர்வையும், கனமில்லாத சாமான்தான் அங்க வைக்கணும் இல்லைன்னா மணல்ல ஹேண்டில் ஆடும். நடு ஃபிரேம் பைல தண்ணி, பம்பு, டூல்ஸ், கனமெல்லாம் அங்கதான் நடுவுல கீழாக. சீட்டுக்குப் பின்னாடி துணி. முன் ஃபோர்க்ல ரெண்டு பக்கமும் ஆளுக்கு ரெண்டு பாட்டில். நீ கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், டயர் 2.2 இன்ச், ட்யூப்லெஸ்

அம்மா: தொப்பி போட்டியா

நான்: போட்டிருக்கேன்மா, கழுத்துக்குத் துண்டும் இருக்கு

சனி மதியம்

நான்: சித்தி இதான் குல்தாரா. பட்டப்பகல்ல நிக்கிறேன் 🙂 டவுன்ல இருந்து 18 கிலோமீட்டர்

[போட்டோ]

சித்தி: ஐயோ எல்லாம் கூரையில்லாத வீடு. ஒரே ராத்திரில ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்களாமே

நான்: அந்தக் கதைதான் இங்க எல்லாரும் சொல்றாங்க சித்தி. ஜெய்சால்மர் திவானா இருந்த சாலிம் சிங் ஒரு பொண்ணைக் கேட்டு மிரட்டுனான், அதுக்காக பாலிவால் பிராமணங்க 84 ஊரையும் ஒரே ராத்திரில விட்டுட்டு சாபம் போட்டுப் போனாங்கன்னு. ஆனா வரலாறு பாத்தவங்க வேற மாதிரி சொல்றாங்க, வரி தாங்க முடியல, கெணறு வத்திப்போச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஆளுங்க கெளம்பிட்டாங்கன்னு. நிலநடுக்கம்னு சொல்ற ஆராய்ச்சியும் இருக்கு. எனக்கு என்ன வருத்தம்னா வர்றவங்க எல்லாம் பேயைத்தான் தேடுறாங்க, இவ்ளோ காஞ்ச பூமில பல நூறு வருசம் கோதுமை வெளைய வச்சவங்க ஊரு இது, அதை ஒருத்தரும் கேக்குறதில்ல

பெரியப்பா: அது எப்படி வெளைய வச்சாங்கன்னு சொல்லு

நான்: ராத்திரி எழுதுறேன் பெரியப்பா, இப்ப காபா பக்கம் போறோம், இனிமே சிக்னல் வந்து வந்து போகும். அம்மா போன் போகலைன்னா பதறாத, குரி போய்ச் சேந்ததும் மெசேஜ் போட்டுடுவேன்

அம்மா: சரி. சாமி துணை இருக்கும். வெயில் ஏறிருச்சுன்னா நிழல்ல ஒக்காரு

சனி இரவு

அம்மா: தம்பி

அம்மா: மணி 7 ஆச்சு

அக்கா: அம்மா அவன் சிக்னல் இருக்காதுன்னு சொல்லிட்டுத்தானே போனான், வரும்

நான்: வந்தாச்சுமா. நல்லா இருக்கேன். கடைசி கொஞ்ச தூரம் மணல் மூடுன பாதை, ஏறி ஓட்ட முடியல, இறங்கித் தள்ளிட்டு வந்தோம் அதான் லேட்டு. இப்ப கம்பு ரொட்டி, நெய், கேர் சாங்கிரி, அப்புறம் கடின்னு மோர்க்குழம்பு மாதிரி ஒண்ணு. வயிறு நெறைஞ்சிருச்சு

சித்தி: சாங்கிரின்னா என்ன

நான்: வன்னி மரத்துக் காய் சித்தி. இங்க கேஜ்டின்னு சொல்றாங்க, நம்ம விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நிக்குதே அதே மரம்தான். பிஞ்சா பறிச்சு காயவச்சு வருசம் பூரா வச்சுக்குவாங்க. இந்த மரத்தை ஒருத்தரும் வெட்ட மாட்டாங்க, எலை ஆட்டுக்கு, காய் மனுசனுக்கு, கீழ நிழல்ல கம்பு வெதைப்பாங்க. 1730ல ஜோத்பூர் பக்கத்துல கேஜட்லி ஊர்ல இந்த மரத்தை ராஜா ஆளுங்க வெட்ட வந்தப்ப அம்ரிதா தேவின்னு ஒரு அம்மா மரத்தைக் கட்டிப்புடிச்சு உயிரை விட்டாங்க, அவங்களோட சேத்து 363 பிஷ்னோய் மக்கள் செத்துப் போனாங்க. இன்னிக்கு மத்தியானம் நாங்க ஒக்காந்ததும் ஒரு வன்னி மரத்தடிலதான், சுத்தி ரொம்ப தூரத்துக்கு அதுதான் நிழல்

மாமா: 363 பேரா. படிக்கவே ஒரு மாதிரி இருக்கு

நான்: பெரியப்பா இருக்கீங்களா, காதீன் சொல்லவா

பெரியப்பா: சொல்லு முழிச்சுட்டுத்தான் இருக்கேன்

நான்: இங்க மேட்டு நிலமெல்லாம் பாறை, பெய்யுற கொஞ்ச மழையும் பூமிக்குள்ள இறங்காம வழிஞ்சு ஓடும். அது எங்க வந்து தாழுதோ அங்க குறுக்கால மண்கரை போட்டுடுவாங்க, ஒரு கரை 100 மீட்டர்ல இருந்து 300 மீட்டர் வரைக்கும் நீளம். ஆடி ஆவணில பெய்யுற மழைத் தண்ணி முழுக்க கரைக்கு உள்ள தேங்கும். நம்ம ஊர்ல தேக்குன தண்ணிய மடை வழியா வெளிய வயலுக்கு விடுவோம்ல, இங்க அப்படி இல்ல, தண்ணி தேங்குன எடமேதான் வயலு. ஐப்பசி கார்த்திகைல தண்ணி இறங்குனதும் அந்த ஈரத்துலயே கோதுமையும் கொண்டக்கடலையும் வெதைச்சிடுறாங்க, அதுக்கப்புறம் ஒரு தண்ணி கூட பாய்ச்சுறதில்ல, மண்ணுல இருக்க ஈரத்தோட பனியும் சேந்து வெளைஞ்சிடுது

பெரியப்பா: கலுங்கு இருக்கா

நான்: இருக்கு பெரியப்பா! மிச்சத் தண்ணி போக கல்லுக் கலுங்கு கட்டியிருக்காங்க, நேர்ல பாத்தேன். கடைசில தேங்கி நிக்கிற தண்ணிய வடிக்க மடையும் வச்சிருக்காங்க, அப்படி வடிச்சு விடுறதாலதான் வயல்ல உப்பு தங்குறதில்லையாம்

பெரியப்பா: உப்பு பூக்காம இருக்கணும்னா வடிகால் வேணும் அது சரி. கரைக்கு அந்தாண்ட கெணறு வெட்டுனா ஊறுமே

நான்: அதேதான்!! கரைக்கு வெளிய கெணறு வெட்டியிருக்காங்க, நல்ல தண்ணி. சுத்தி உப்புத்தண்ணியா இருந்தாலும் அந்தக் கெணறு மட்டும் இனிக்கும்னு இந்த வீட்டு ஐயா சொன்னாரு. வயல் ஒரு பங்குன்னா அதுக்குத் தண்ணி குடுக்குற மேட்டுநிலம் 10 பங்குக்கு மேல இருக்கணும், அந்தக் கணக்கு தப்புனா காதீன் நெறையாது. அதனால மேட்டு நிலத்தை யாரும் உழுது கெடுக்க மாட்டாங்க, ஆடுமாடு மேயும், அதோட சாணமும் தண்ணியோட வயலுக்கு வந்துடும். 15ஆம் நூற்றாண்டுல இதை ஆரம்பிச்சது அந்த குல்தாரா பாலிவால் ஆளுங்கதான், அவங்க போயும் அவங்க போட்ட கரை இன்னும் சோறு போடுது பெரியப்பா

பெரியப்பா: நம்மூர்ல வரத்துக்கால்ல வீட்டைக் கட்டிப்புட்டு கம்மாய் ரொம்பலன்னு பேசுறோம். அவங்க மேட்டு நிலத்தையே காபந்து பண்றாங்க பாரு. நல்ல விசயம் பாத்திருக்க தம்பி. அந்தக் கரையைப் படம் எடுத்திருந்தா போடு

[போட்டோ] [போட்டோ] [போட்டோ]

அம்மா: போதும் படுங்க ரெண்டு பேரும். குளிருதா

நான்: வெளிய 12 டிகிரி, குடிசைக்குள்ள கதகதன்னு இருக்குமா. மண்சுவரு மேல வைக்கோல் கூரை. வெளிய வந்து வானத்தைப் பாத்தா விளக்கு வெளிச்சமே இல்லாததால நட்சத்திரம் அடியில இருந்து உச்சி வரைக்கும் தெரியுது, இதை போட்டோல காட்ட முடியல

ஞாயிறு காலை

பாப்பு: அண்ணா கெளம்பிட்டீங்களா, பஞ்சர் ஏதாச்சும்?

நான்: கெளம்பி பாதி வழில நிக்கிறோம், அவனுக்குத்தான் பஞ்சர். நெருஞ்சி முள்ளு, பின் டயர்ல எண்ண முடியாத அளவு. நம்ம காட்டுல இருக்க அதே நெருஞ்சிதான். என் டயர்லயும் குத்தியிருக்கு ஆனா உள்ள சீலன்ட் இருக்கதால தானா அடைச்சுக்குச்சு, அவன் ட்யூப் போட்டிருந்தான், ரெண்டு ட்யூப் மாத்தியாச்சு. இங்க ரோட்டை விட்டு நிழலுக்கு ஒதுங்குறப்ப சைக்கிளை உருட்டக் கூடாது, தூக்கிட்டுப் போகணும், புதர் ஓரம்தான் முள்ளு அதிகம்

மாமா: இன்னிக்கு எவ்ளோ தூரம்

நான்: ஜெய்சால்மர் 50 கிலோமீட்டர் கிட்ட மாமா, எல்லாம் தார் ரோடுதான். தூரம் பிரச்சனையே இல்ல, எதிர்காத்துதான். குளிர்காலத்துல வடகிழக்குல இருந்து அடிக்குது, நாங்க போற தெசையும் அதேதான். மாத்தி மாத்தி ஒருத்தர் முன்னாடி போறோம், பின்னாடி வர்றவனுக்குக் காத்து கொறையும், அவன் முன்னாடி போறப்ப நான் பேசக்கூட மாட்டேன், பின் சக்கரத்தைப் பாத்துட்டே மிதிக்கிறது. கூட ஒரு ஆள் இருக்கதோட அருமை அப்பதான் தெரியுது. அவனுக்கு மார்வாடி தெரியுறதால எந்த வீட்ல நின்னாலும் தண்ணியும் டீயும் கெடைச்சுச்சு, ஆட்டுக்கார நாய் தொரத்துனப்ப கூட அவன் என்னமோ சத்தம் குடுத்தான் நின்னுடுச்சு

அக்கா: மான் ஏதாச்சும் பாத்தியா

நான்: சிங்காரா பாத்தோம்க்கா, காலைல ரோட்டைத் தாண்டிப் போச்சு, மூணு நாலு இருக்கும். பாக்காதது கானமயில். அதுக்காகத்தான் இந்தப் பூங்காவே முக்கியம். ஒரு காலத்துல தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை, இப்ப உலகத்துலயே காட்டுல மிச்சமிருக்கது சுமார் 150, அதுல பெரும்பாலும் இந்த ஜெய்சால்மர் பக்கம்தான். ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் இருக்கும், நேர் முன்னாடி பார்வை சரியா கெடையாது, பறந்து வந்து கரன்ட் கம்பில மோதி செத்துப்போகுது. நாங்க வர்ற வழியெல்லாம் காத்தாலையும் கரன்ட் கம்பியும்தான். 2021ல சுப்ரீம் கோர்ட்டு கம்பியை மண்ணுக்குள்ள பொதைக்கச் சொன்னாங்க, அப்புறம் 2024ல அதை மாத்தி நிபுணர் குழு போட்டாங்க. சூரியன் காத்து மின்சாரமும் வேணும்தான், ஆனா வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை போடுற பறவைக்கு அவ்ளோ நேரம் இருக்கான்னு அந்தக் கம்பிக்குக் கீழ ஓட்டுறப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு

சித்தி: பாவம்பா. அங்க முட்டை எடுத்து வளக்குறாங்கன்னு பேப்பர்ல படிச்ச ஞாபகம்

நான்: ஆமா சித்தி, சாம்லயும் ராம்தேவ்ராவுலயும் வளர்ப்பு மையம் இருக்கு, குஞ்சு பொரிச்சு வளக்குறாங்க. அதுதான் இப்ப நம்பிக்கை

ஞாயிறு இரவு

நான்: ரயில் ஏறியாச்சு. சைக்கிளும் ஏத்தியாச்சு. காலைல ஜோத்பூர்

அம்மா: அப்பாடா. சாப்ட்டியா

நான்: சாப்ட்டேன்மா

திங்கள்

பாப்பு: அண்ணா நானும் என் ஃப்ரெண்டும் ஜனவரில இதே ரூட் போகலாம்னு பேசிட்டு இருக்கோம், ரெண்டு பேரும் பொண்ணுங்க, போகலாமா? உண்மையைச் சொல்லுங்க

சித்தி: ஏய்

நான்: போகலாம் பாப்பு. சித்தி நீங்க பதறாதீங்க. ஆனா ரூட்டை மாத்திக்கோங்க, காபால இருந்து குரிக்கு நாங்க போன அந்த உள்பாதை வேணாம், ரொம்ப தூரத்துக்கு ஆளே இல்ல, சிக்னலும் இல்ல. ஜெய்சால்மர்ல இருந்து குரிக்கு நேர் ரோட்டுலயே போயிட்டு அதே ரோட்டுல வாங்க. குல்தாராவை தனியா ஒரு காலைல பாத்துக்கலாம். நாங்க தங்குன வீட்ல அந்த அம்மா இருக்காங்க, மருமக இருக்கா, நானே பேசி ஏற்பாடு பண்றேன். ஜனவரில ராத்திரி குளிர் இன்னும் அதிகம், 5 டிகிரிக்குக் கூட இறங்கும், நல்ல ஜாக்கெட் வேணும். செயினுக்கு எண்ணெய் போடாதீங்க, மணலை இழுத்து அப்பிக்கும், மெழுகு லூப்ரிகன்ட்தான் சரி. மணல் வந்தா டயர் காத்தை நல்லா கொறைச்சிடு, தார் ரோடு வந்ததும் திரும்ப அடிச்சுக்க, அதனால பம்பு கைக்கு எட்டுற எடத்துல வை. ஓஆர்எஸ் கட்டாயம், குளிர்ல தாகம் தெரியாது ஆனா உடம்புல தண்ணி போயிட்டே இருக்கும்

சித்தி: நீ கூடப் போறதா இருந்தா விடுறேன்

நான்: ஜோத்பூர் வந்துட்டா அங்க இருந்து நானும் வர்றேன் சித்தி. அவங்க ரெண்டு பேரும் முன்னாடி ஓட்டட்டும் நான் பின்னாடி வர்றேன்

பாப்பு: அண்ணா 🙏🙏

பெரியப்பா: தம்பி அந்த கோதுமை எப்ப அறுப்பாங்க

நான்: மார்ச் வாக்குல பெரியப்பா

பெரியப்பா: அறுப்பு சமயத்துல நான் வர்றேன். சைக்கிளெல்லாம் ஆகாது ஜீப்பு சொல்லு. அந்தக் கரையை நடந்து பாக்கணும்

நான்: வாங்க பெரியப்பா!! மன்னார்குடில இருந்து பகத் கி கோத்திக்கு நேர் ரயிலே இருக்கு, அது ஜோத்பூர்தான், நான் வந்து கூட்டிட்டுப் போறேன்

அம்மா: பெரியப்பாவுக்கு சுகர் மாத்திரை எல்லாம் பாத்து எடுத்து வைக்கணும். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்

பெரியப்பா: அதெல்லாம் நான் பாத்துக்குவேன். அந்த வீட்டுக்காரர்கிட்ட கொண்டக்கடலை என்ன ரகம்னு கேட்டு வை, வெதைக்கு ரெண்டு கிலோ குடுப்பாரான்னும் கேளு

நான்: சாயங்காலம் போன் பண்ணி கேட்டுட்டு சொல்றேன் பெரியப்பா