நடப்புரை: தொலை வழங்கியில் ஓடும் குறுநிரல் இடையிடையே சொல்லும் செய்திக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் பெங்களூரிலிருந்து வணக்கம்.

சென்ற வாரம் தொடங்கிய இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். தொலைவில் இருக்கும் வழங்கிகளில் (சர்வர்களில்) வேலை பார்க்கும் குறுநிரல் (ஸ்கிரிப்ட்), தான் செய்துகொண்டிருப்பதை அவ்வப்போது திரையில் எழுதிக் காட்டுகிறது. அந்தச் செய்திக்குத் தமிழில் என்ன சொல் என்பது கேள்வி. அலுவலகத்தில் 'புராகிரஸ் மெசேஜ்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. இதுவரை முன்னேற்றச் செய்தி, நிலைச் செய்தி, படிநிலைச் செய்தி, நேர்முக வர்ணனை ஆகிய நான்கும் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக 'நடப்புரை' என்பதை நான் முன்வைக்கிறேன். காரணத்தைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்னேற்றம் என்ற சொல்லைத் தமிழன் காதால் கேட்டுப் பாருங்கள். ஊர் முன்னேற்றம், பெண்கள் முன்னேற்றம், பள்ளிக்கூடத்து முன்னேற்ற அறிக்கை. கட்சியின் பெயரிலேயே அது இருக்கிறது. 'வாழ்க்கையில் முன்னேறிவிட்டான்' என்றால் அதில் ஒரு பாராட்டு ஒளிந்திருக்கிறது. இனி ஒரு குறுநிரலை எடுத்துக்கொள்வோம். ஐந்து வழங்கிகளில் புதிய பதிப்பை ஏற்றப் போகிறது. மூன்றாவதில் வட்டில் இடமில்லை. உடனே முதல் இரண்டிலும் பழைய பதிப்பையே திரும்ப வைக்கத் தொடங்கி, அதையும் வரி வரியாகச் சொல்கிறது. பின்வாங்குவதைச் சொல்லும் வரிக்கு முன்னேற்றச் செய்தி என்று எப்படிப் பெயர் வைப்பது? நள்ளிரவில் அந்த வரிகளைப் பார்த்து நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது.

முன்னேற்றப் பட்டை (புராகிரஸ் பார்) ஏற்கெனவே நிலைத்துவிட்டதே என்று கோவை அம்மையார் கேட்டிருந்தார். அதை மாற்றச் சொல்லவில்லை. பட்டை நிரம்பிக்கொண்டே போகும் ஒன்று; அதற்கு அந்தப் பெயர் பொருத்தம். கேள்வி எழுத்தாக வரும் செய்தியைப் பற்றியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'முன்னே அடியெடுத்து வைத்தல்' என்றுதான் பொருள். நடத்தல்தான் அடிப்படை, மேம்படுதல் என்ற பொருள் பின்னால் ஏறியது. நாம் ஏறிய பொருளை மொழிபெயர்த்துவிட்டு அடிப்படையை விட்டுவிட்டோம்.

நிலைச் செய்திக்கு வேறு தடை. நிலை என்பது 'நில்' என்ற வேரில் பிறந்தது. ஒன்று எப்படி நிற்கிறது என்பதை நாம் கேட்டு, அது சொன்னால் அது நிலை. நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியில் நிலையைக் கேட்கும் கட்டளை உண்டு, லினக்ஸ் சேவைகளின் நிலையைக் கேட்கும் கட்டளையும் உண்டு. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். நாம் பெயர் தேடும் செய்தியோ கேட்காமலே வருவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வருவது. இதன் வேர் 'நட'. படிநிலை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அடுக்கதிகார அமைப்பைக் குறிக்க அது ஏற்கெனவே போய்விட்டது. நேர்முக வர்ணனை என்பதைத் தில்லி நண்பர் முன்மொழிந்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பொருள் சட்டென்று விளங்கும். ஆனால் ஒரு பொத்தானிலோ உதவிக் குறிப்பிலோ எழுத அது நீளம், மேலும் வர்ணனையில் அழகூட்டல் உண்டு. இந்தச் செய்தியில் அழகூட்டலுக்கு இடமே கிடையாது.

'நடப்பு' என்பதை நான் இத்தனை பிடிவாதமாகக் கேட்பதற்கு ஓர் இரவு காரணம். சில ஆண்டுகளுக்கு முன், அப்போது வேலை பார்த்த நிறுவனத்துக்காக, அல்சூரில் என் வீட்டு மேசையிலிருந்து 12 வழங்கிகளில் தரவுத்தளத்தை மாற்றியமைக்கும் வேலை. பைத்தான் நிரல்மொழியில் எழுதிய குறுநிரல். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி எழுதும்படி நானே கவனமாக அமைத்திருந்தேன். சான்றுக்கு வேண்டுமென்று வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, இன்னொரு முனையத்தில் (டெர்மினலில்) அந்தக் கோப்பின் வாலை, அதாவது கடைசி வரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்றரை. ஒரு வரிகூட வரவில்லை. பத்து நிமிடம் போயிற்று, இருபது நிமிடம் போயிற்று. இணைப்பு அறுந்துவிட்டது, குறுநிரல் தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி, ஓட்டத்தை நிறுத்தும் கண்ட்ரோல்-சி அழுத்தினேன். அழுத்திய நொடியில் பக்கத்து முனையத்தில் அறுபது வரிகள் மொத்தமாக வந்து விழுந்தன. ஒன்பது வழங்கிகள் சரியாக முடிந்திருந்தன. பத்தாவதில் அட்டவணை பாதி மாறியிருந்தபோது நான் கையை வைத்திருந்தேன். காப்பு நகலிலிருந்து அதை மீட்டு எழுந்தபோது காலை ஆறு மணி.

நடந்தது இதுதான். வெளியீடு முனையத்துக்குப் போனால் வரி முடிந்ததும் பைத்தான் அதை அனுப்பிவிடும். கோப்புக்கோ குழாய்க்கோ போனால் அப்படிச் செய்யாது. இடையகத்தில் (பஃபரில்) தேக்கிவைத்து, வழக்கமாக 8192 பைட் சேர்ந்த பிறகுதான் திறந்துவிடும். என் அறுபது வரிகளும் சேர்ந்து அந்த அளவில் பாதிகூட இல்லை. 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் அச்சிடும் செயற்கூற்றிலேயே 'உடனே வெளியேற்று' என்று சொல்ல வசதி இருக்கிறது. அதை ஒவ்வொரு வரியிலும் சேர்த்திருந்தால் போதும். அல்லது இடையகமே வேண்டாம் என்று சொல்லிக் குறுநிரலை ஓட்டியிருக்கலாம். பிழைச் செய்திகளுக்கென்று தனியாக இருக்கும் பிழை வெளியீட்டுக்கு அனுப்பி, அதை முனையத்திலேயே விட்டிருந்தாலும் தேங்கியிருக்காது. கோப்புகளை இறக்கும் கர்ல் கருவி தன் பதிவிறக்கக் கணக்கைப் பிழை வெளியீட்டில்தான் காட்டுகிறது. தரவு ஒரு வாய்க்காலிலும் பேச்சு இன்னொரு வாய்க்காலிலும் போவது நல்ல பழக்கம்.

அந்த இரவில் என் குறுநிரல் எல்லாச் செய்திகளையும் எழுதியது. எழுதியும் பயனில்லை, ஏனென்றால் நடந்தபோது அது என் கண்ணுக்கு வரவில்லை. நடக்கும்போதே சொன்னால் நடப்புரை; நடந்த பிறகு கிடைத்தால் அது பதிவு. இந்த எல்லைக்கோட்டைச் சொல்லே தன்னுள் வைத்திருக்க வேண்டும் என்பது என் வாதம். முன்னேற்றச் செய்தி என்ற பெயரில் காலம் இல்லை. நடப்புரை என்று பெயர் வைத்துவிட்டால், தேங்கிக் கிடக்கும் வரியைப் பார்த்து 'இது நடப்புரையே இல்லையே' என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகூடக் கேட்க முடியும்.

பல வழங்கிகளில் வேலைகளைத் தானாக நடத்தும் ஆன்சிபிள் கருவியை வைத்தும் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு பணியைத் தொடங்கும்போது அதன் பெயரைத் தலைப்பு வரியாக எழுதுகிறது, அது நடப்புரை. ஒவ்வொரு வழங்கியிலும் பணி முடிந்த பின் சரி, மாறியது, தோற்றது என்று எழுதுகிறது, அது விளைவு. கடைசியில் வழங்கி வாரியாக எண்ணிக்கை போடுகிறது, அது தொகுப்பு. தொலைவில் ஓடும் நீண்ட கட்டளை ஒன்று அரை மணி நேரம் எடுத்தால், முடியும்வரை அதன் வெளியீடு நமக்கு வருவதில்லை. அப்போது தலைப்பு வரி ஒன்றுதான் துணை. ஆகவே அந்த வரியை எழுதுபவர் பணிக்குத் தெளிவான பெயர் வைப்பது பெரிய உதவி. மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தால் பாடம் எழுதுகிறவர் திண்டாடுவார்.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதும் இழையில் வந்தது. விழுக்காடு போதும் என்றார் ஒருவர். பெங்களூரிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் போகிறவர் பாதித் தூக்கத்தில் ஜன்னலைத் தூக்கிப் பார்க்கிறார். பெயர்ப் பலகையில் ஜோலார்பேட்டை என்று இருந்தால் படுத்துவிடுகிறார். காட்பாடி என்றால் பெட்டியைத் தேடத் தொடங்குகிறார். அரக்கோணம் என்றால் எழுந்து உட்காருகிறார். நூற்றுக்கு எத்தனை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, இடத்தின் பெயர் மட்டும் போதுமாக இருந்தது. வண்டி நடுவில் நின்றுபோனாலும் எங்கே நிற்கிறது என்பதுதான் உதவிக்கு ஓடுகிறவர்களுக்குத் தேவை. தொலை வழங்கி வேலையில் படிகள் ஒரே நீளம் இருப்பதில்லை. கோப்பு நகல் மூன்று நொடி, தரவுத்தள மாற்றம் நாற்பது நிமிடம் என்றிருக்கும் இடத்தில் விழுக்காடு பொய் சொல்லும். எந்த வழங்கி, எந்தப் படி, எத்தனையில் எத்தனையாவது: இந்த மூன்றும் இருந்தால் நடப்புரை முழுமை.

இனி எதிர்ப்புகள். 'நடப்பு நிதியாண்டு', 'நடப்புக் கணக்கு' என்பவற்றில் நடப்பு வேறு பொருளில் வருகிறதே என்கிறீர்கள். வேறு பொருள் என்று நான் நினைக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் ஆண்டு, நடந்துகொண்டிருக்கும் கணக்கு. 'நாட்டு நடப்பு' என்பதிலும் அதுவே. உரை என்பது மேடைப் பேச்சை நினைவூட்டும் என்பது இன்னொரு கவலை. உரைக்கோப்பு என்று எழுத்துத் தரவைக் குறிக்க நம் துறையிலேயே வழங்குகிறோம். பாட்டுக்குப் பக்கத்தில் இருந்து பொருள் சொல்வதும் உரைதான். ஓடும் நிரலுக்குப் பக்கத்தில் இருந்து பொருள் சொல்லும் வரிக்கு அது நன்றாகவே பொருந்தும். பழந்தமிழில் பயணத்துக்குச் செலவு என்று பெயர். தலைவன் புறப்படத் தயங்குவதைச் செலவழுங்குதல் என்றார்கள். அந்தச் சொல் இன்று நமக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு அருமையாக இருந்திருக்கும்! 'செலவுச் செய்தி' என்று எழுதினால் கணக்குப்பிள்ளைதான் ஓடிவருவார். கன்னடத்தில் 'பிரகதி' என்கிறார்கள் என்றும், பொதுச் சொல்லாக அதையே வைத்துக்கொள்ளலாமே என்றும் என் அலுவலகத் தோழர் கேட்டார். பிரகதியும் முன்னே போதல்தான்; அங்கேயும் வளர்ச்சி என்ற நிறம் ஏறியிருக்கிறது.

சொல் கிடைத்தால் போதாது, அந்த வரியை எப்படி எழுதுவது என்பதில்தான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் சோதனைக்கு வைத்திருக்கும் மூன்று சிறு கணினிகளுக்கு வைகை, பாலாறு, பொருநை என்று பெயர் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் வழங்கியின் பெயர் வரும் இடத்துக்குப் பின்னால் 'க்கு' என்று ஒட்டி, 'கோப்பை அனுப்புகிறது' என்று முடித்தேன். வைகைக்கு அனுப்பியது, பொருநைக்கும் அனுப்பியது. அடுத்த வரியில் 'பாலாறுக்கு' என்று வந்து நின்றது. பாலாற்றுக்கு என்றல்லவா இருக்க வேண்டும்! ஆங்கில எழுத்தில் பெயர் இருந்தால் நடுவே ஒரு சிறுகோடு போட்டு வேற்றுமை உருபை ஒட்டுகிறோம். அதுவும் கண்ணை உறுத்துகிறது. எனவே பெயரை உருபு ஏற்காத இடத்தில் வைத்துவிடுவது நல்லது:

பாலாறு: கோப்பு நகல் நடக்கிறது (2/3)
பாலாறு: கோப்பு நகல் முடிந்தது
பொருநை: கோப்பு நகல் நடக்கிறது (3/3)
பொருநை: வட்டில் இடமில்லை, நிறுத்தப்பட்டது

தொலை வழங்கிகளில் கட்டளைகளை ஓட்டும் ஃபேப்ரிக் கருவியின் முதல் பதிப்பு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வழங்கியின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதிவந்தது. பல வழங்கிகள் ஒரே நேரத்தில் பேசி வரிகள் கலந்து வரும்போது யார் பேசுகிறார் என்பது அதனால் தெரியும். அந்த வழக்கம் நம் இலக்கணத்துக்கும் வசதியாக அமைந்துவிட்டது.

பழைய வரியின் மேலேயே புதியதை எழுதும் உத்தியைத் தமிழில் தவிர்க்கச் சொல்வேன். நடப்புரை என்ற சொல்லில் எழுத்து ஐந்து, ஒருங்குறிக் (யூனிகோட்) குறியீடு எட்டு, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் பைட் 24. இதில் எதை அகலம் என்று முனையம் எடுத்துக்கொள்ளும் என்பது முனையத்துக்கு முனையம் மாறுகிறது. கணக்குத் தப்பினால் பழைய வரியின் வால் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றையும் புது வரியில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போதைக்கு மூன்று இடங்களில் போட்டிருக்கிறேன்: 'நடப்புரை காட்டு', 'விரிவான நடப்புரை', 'நடப்புரை வேண்டாம்'. மூன்றாவது, நேரம் குறித்துத் தானே ஓடும் வேலைகளுக்கானது. அங்கே எழுதுவதெல்லாம் வழக்கமாகப் பயனருக்கு மடலாகப் போய்ச் சேரும் என்பதால் அதை எல்லாரும் தேடுவார்கள். 'வேண்டாம்' என்பது கட்டளையாக ஒலிக்கவில்லை, 'நடப்புரை தவிர்' என்று மாற்றலாமா என்று எனக்கே ஐயம் இருக்கிறது. ஞாயிறு இரவு கோப்பை அனுப்ப வேண்டும். அதற்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூர்