பெடல் அசிஸ்ட்டுக்கு ஒரு சொல்: ‘துணைமிதி’ சரிவருமா?

வணக்கம்.

இலங்கை மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். பெடல் அசிஸ்ட், அதாவது நாம் மிதிக்கும்போது மோட்டரும் கூட உதவும் மின்சாரச் சைக்கிள் முறை. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘மிதியுதவி’, ‘மின்மிதி’, ‘விசைமிதிவண்டி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நானுஓயா ஸ்டேஷனிலிருந்து டவுனுக்கு வரும் ஏற்றம் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்டேஷன் சுமார் 1600 மீட்டர் உயரத்தில், டவுன் 1868 மீட்டரில். என் பழைய மவுண்டன் பைக் 14 கிலோ. அதில் வரும்போதெல்லாம் வழியில் ஒரு தடவையாவது காலை ஊன்றி மூச்சு வாங்குவேன். போன மாதம் ஒரு சிநேகிதரின் மின்சார வண்டியில் அதே ஏற்றத்தில் வந்தேன். அது 24 கிலோ. நிற்காமல் வந்து சேர்ந்தேன். வியர்த்தது, கால் வலித்தது, ஆனால் மூச்சு மிச்சம் இருந்தது. கவனியுங்கள், மிதிக்காமல் வரவில்லை. மிதியை நிறுத்தினால் மோட்டரும் நின்றுவிடுகிறது. மிதியில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று உள்ளே ஓர் உணரி அளக்கிறது. அதைப் பார்த்துத்தான் மோட்டர் தன் பங்கைச் சேர்க்கிறது. ஐரோப்பிய விதிப்படி இந்த வகை மோட்டரின் தொடர் வலு 250 வாற்றுக்கு (வாட்) மேல் போகக்கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும். யமஹா 1993இல் இப்படியொரு வண்டியை விற்பனைக்கு விட்டபோதே கருத்து இதுதான்: கால் முதலாளி, மோட்டர் கையாள்.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘விசைமிதிவண்டி’ சொன்னவர் விசைத்தறியை முன்மாதிரி காட்டினார். நல்ல முன்மாதிரிதான், ஆனால் அதுவே இங்கே எதிராகப் பேசுகிறது. விசைத்தறியில் நெய்பவர் கை ஓய்ந்துவிட்டது. இங்கே கால் ஓயவில்லை. ‘மிதியுதவி’ என்றால் மிதிக்கு உதவி என்று படுகிறது. உதவி காலுக்கு அல்லவா? ‘மின்மிதி’ இன்னும் மோசம், பெடலைத் தொட்டால் ஷாக் அடிக்கும்போல் இருக்கிறது.

சின்ன வயதில் லீவுக்கு வவுனியாவில் மாமா வீட்டுக்குப் போவேன். சைக்கிள் பழகியது அங்கேதான். எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் அப்போது சைக்கிளுக்கு ஏது வேலை, ரோடே படிக்கட்டு மாதிரி. டபுள்ஸ் போகும்போது மேடு வந்தால் பின்கேரியரில் இருக்கும் மச்சான் என் கால் மேலேயே தன் காலை வைத்து அமுக்குவான். ஓட்டுவது நான், திருப்புவது நான், கூட மிதிப்பது அவன். மின்சார வண்டியில் ஏறியதும் எனக்கு அந்த மச்சான்தான் ஞாபகம் வந்தான். அதனால் என் பரிந்துரை: துணைமிதி. வண்டி, துணைமிதி வண்டி.

இதனால் இன்னொரு முடிச்சும் அவிழ்கிறது. மோட்டர் இல்லாததை ஒருவர் ‘மரபு மிதிவண்டி’ என்றார். கார்பன் சட்டமும் டிஸ்க் பிரேக்கும் வைத்த வண்டியில் என்ன மரபு? விசைத்தறி வந்த பிறகு தறி கைத்தறி ஆன மாதிரி, இதைத் தனிமிதி வண்டி என்போம். துணைமிதி, தனிமிதி: சொல்லும்போதே வித்தியாசம் விளங்கும்.

இரண்டில் எது நல்லது என்று இழையில் கேட்டவருக்கு: ஏற்றத்தில் துணைமிதி. 95 கிலோ மொத்தப் பாரத்தை அந்த 250 மீட்டர் சொச்சம் மேலே தூக்க 70 வாற்று மணி மின்சக்தி போதும். 500 வாற்று மணி பற்றரிக்கு அது சின்ன வேலை, விரயத்தைச் சேர்த்தாலும். இறக்கத்தில் மழை ஈரமும் கொண்டை ஊசி வளைவும் சேர்ந்தால் நான் தனிமிதிக்கே வாக்குப் போடுவேன். 24 கிலோவை நிறுத்துவதும் திருப்புவதும் லேசில்லை. கான் (வடிகால்) ஒன்றைத் தாண்ட வண்டியைத் தோளில் தூக்க வேண்டி வந்தால் சொல்லவே வேண்டாம்.

மவுண்டன் பைக்கை ‘மலை மிதிவண்டி’ என்பது பற்றி ஒரு சின்ன முறைப்பாடு. தேயிலைத் தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து எடுக்கும் நிலம். ‘இன்றைக்கு எந்த மலை?’ என்றுதான் கேட்பார்கள். எங்கள் ஆட்களிடம் ‘மலைவண்டி’ என்றால் கொழுந்து ஏற்றும் லொறியைத் தேடுவார்கள். ‘மலைச் சைக்கிள்’ என்றால் பரவாயில்லை.

துணைமிதி என்றால் ஸ்பெயார் பெடல் என்று நினைப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சைக்கிள் திருத்தும் அண்ணன் ஒருவரிடம் விளக்கம் சொல்லாமல் சொல்லிப் பார்த்தேன். “ஓ, கூட மிதிக்குமா?” என்றார்.

ஒரேயொரு இடத்தில் சொல் இடிக்கிறது. இறங்கித் தள்ளும்போது மணிக்கு 6 கிலோமீட்டர் வரை வண்டி தானே நகர ஒரு பொத்தான் இருக்கிறது. அங்கே மிதியே இல்லை. ‘துணைநடை’ என்று போடலாமா? அப்புறம், மிதிக்காமல் கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வகைக்கு யாராவது தனியாக ஒரு சொல் தாருங்கள். அதைத் துணைமிதியில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.