பிள்ளைகள் படிப்பும் வீட்டுப் பழக்கமும்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

குடியாத்தம் வாசகி:
2022இல் தமிழக அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். கொரோனா விடுமுறையில் பாதிப் பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்தார்கள். நாலாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் கடகடவென்று வாசிப்பாள். அவள் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார், மகள் எதிரே உட்கார்ந்து உரக்க வாசிக்கிறாள். அம்மா கைநாட்டு. நடுவில் மகள் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். அம்மா நிமிரவே இல்லை, சுற்றுகிற கையும் நிற்கவில்லை. "ஏண்டி, நேத்து இங்க ஒரு கொளம் வந்துச்சே, இன்னிக்கு இன்னா ஆச்சு?" மகள் திருதிருவென்று முழித்துவிட்டு அந்த வரிக்குத் திரும்பினாள்.

ஆம்பூர்க்காரன்:
சரி, பீடி வீட்டிலேயே செய்கிற வேலை. எங்கள் பக்கம் அப்பா, அம்மா இரண்டு பேரும் ஷூ கம்பெனிக்குப் போய் இருட்டியபிறகு வருகிறார்கள். யார் எதிரே உட்கார்வது? தவிர, மேற்பார்வையால் மட்டும் படிப்பு வந்துவிடாது. எதிர்வீட்டுப் பையன் பத்தாவது. ராத்திரி பன்னிரண்டு வரை லைட் எரிகிறது என்று அவன் அப்பாவுக்குத் தெருவெல்லாம் பெருமை. ஒருநாள் கரண்ட் போச்சு. டார்ச்சோடு போய்ப் பார்த்தால், புத்தகத்தின் மேலேயே குறட்டை. கரண்ட் போனதே பையனுக்குத் தெரியாது!

காட்பாடி ஓய்வு ஆசிரியர்:
ஆம்பூர் தம்பி, அந்த அப்பா பார்த்தது லைட்டை. அதை மேற்பார்வை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கம்பெனியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பிடத்தானே போகிறீர்கள்? அப்போது, "இன்னிக்கு என்ன பாடம், சொல்லு" என்று கேளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்வதுதான் மனதில் தங்கும். திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சையில் வராது. தப்பான கணக்கை மறுநாள் மறுபடி போடச் சொல்லுங்கள். பத்தாவது பிள்ளைக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், பன்னிரண்டு வரை உட்கார வைப்பது வீண். இன்னொன்று, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா?

குடியாத்தம் வாசகி:
ஆம்பூர் அண்ணா, வீட்டில் இருந்தால் நேரம் இருக்கிறது என்று யார் சொன்னது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கையை நிறுத்தினால் காசு போச்சு.
ஐயா, அட்டை இருக்கிறது. விண்ணப்பம் போட்டார்களா என்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன்.