ஹோங்சுன் வீடுகளின் வானக்கிணறும் எங்கள் தொட்டிக்கட்டு வீடும்

கேள்வி (காவேரிப்பட்டணம்):
வணக்கம். தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கிறோம். நடுவில் வானம் பார்த்திருக்கும் தொட்டியைக் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் கொத்தனார். மழைக்குச் சாரல் உள்ளே அடிப்பதால் வீட்டாருக்கும் அதில் சம்மதம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. சீனாவின் அன்ஹுயி மாகாணத்து ஹோங்சுன் கிராமத்தில் இத்தகைய திறப்புள்ள பழைய வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்று படித்தேன். அங்கே மழைநீரை என்ன செய்கிறார்கள்?

பதில் (தருமபுரி):
அத்திறப்புக்குத் ‘தியான்ஜிங்’, அதாவது வானக்கிணறு என்று பெயர். கூரைகள் அதை நோக்கியே சரிந்திருப்பதால், விழும் மழை கல் பாவிய பள்ளத்தில் சேர்ந்து, தரைக்கடியிலுள்ள வடிகால் வழியே வெளியேறும். மழைநீரைச் செல்வமாகக் கருதிய வணிகக் குடும்பங்கள், அது தம் வீட்டுக்குள்ளேயே விழ வேண்டும் என்று விரும்பின. வெளிச்சுவர்களில் சன்னல்கள் சிறியவை, அவையும் சிலவே. வெளிச்சமும் காற்றும் இந்த வழியாகத்தான் வரவேண்டும். உங்கள் வீட்டிலும் தொட்டியை மூடினால் பகலிலேயே விளக்கு எரிய வேண்டியிருக்கும். தாழ்வாரத்தை ஒரு முழம் நீட்டினாலே சாரல் பெருமளவு குறையும்.

பதில் (பென்னாகரம்):
ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வீடுகள் விளங்கும். 1131-இல் வாங் குலத்தார் குடியேறிய அக்கிராமத்தின் அமைப்பை மாட்டின் உருவமாகச் சொல்வார்கள்: குன்று தலை, வீட்டு வாசல்களைத் தொட்டு வளைந்தோடும் வாய்க்கால் குடல், நடுவிலுள்ள அரைநிலாக் குளம் இரைப்பை. எருது விடும் ஊர்க்காரர்களான நமக்கு இது எளிதில் மனத்தில் பதியும். நெருப்புக்கும் அவர்கள் வழி கண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுத் தீ தாவாதபடி, பக்கச் சுவர்களைக் கூரைக்கு மேல் படிப்படியாக உயர்த்தி, அவற்றைக் குதிரைத்தலைச் சுவர் என்றழைத்தார்கள். கூரையின் பாரத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் மரத்தூண்களே. ஹோங்சுன்னும் அருகிலுள்ள ஷிதியும் 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வடிகால் என்று படித்ததும் தொட்டியின் ஈசானிய மூலைக் கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே, ஒரு கை நுழையும் அளவுக்குக் கருங்கல்லில் செதுக்கிய சலதாரை இருக்கிறது. பின்னாளில் கட்டிய குளியலறைச் சுவர் அதன் வாயை அடைத்துவிட்டது. நீர் தேங்கி நடைவரை ஏறியதற்கு அதுவே காரணம். அதைத் திறந்துவிட்டுத் தாழ்வாரத்தையும் நீட்டித் தரும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். தொட்டி திறந்தே இருக்கும்.