மறுமொழி: கேமராவின் ‘ஃபிரண்ட் ஸ்டாண்டர்டு’ – முன்தாங்கியா, நிலைச்சட்டமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். துருத்தி (மடிப்புக் கூடு) வைத்த மடக்குக் கேமராவில் இரண்டு சட்டங்கள் நிற்கும்: முன்னது லென்ஸைப் பிடிக்கும், பின்னது படம் பதியும் தகட்டைப் பிடிக்கும். முன்னதன் ஆங்கிலப் பெயர்தான் ‘ஃபிரண்ட் ஸ்டாண்டர்டு’. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் நண்பர் ஒருவர் எழுதியது:

> லென்ஸைத் தாங்குவதால் ‘முன்தாங்கி’ என்றே வைத்துவிடலாம். எளிய சொல், எவருக்கும் புரியும்.

சென்ற வாரம் ஒரு விற்பனைக் குறிப்பில் பார்த்த ‘முன் தரம்’ என்ற மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. பொறியியலில் ‘தாங்கி’ ஏற்கெனவே பேரிங்குக்குப் போய்விட்டது என்பது சிறிய காரணம். பெரிய காரணம், அந்த உறுப்பு செய்யும் வேலை.

பித்தளைக் குழாயில் அமைந்த பழைய பெட்ஸ்வால் லென்ஸ் ஒன்றை, எட்டுக்குப் பத்து அங்குல மடக்குக் கேமராவில் பூட்டி என் அத்தையைப் படமெடுத்தேன். லென்ஸின் குவியத்தூரம் 300 மி.மீ., துளை எஃப்/4, அதாவது குவியத்தூரத்தில் நான்கில் ஒரு பங்கு. தலையும் தோளும் தகட்டை நிறைக்க வேண்டுமானால் துருத்தியை ஏறத்தாழ 40 செ.மீ. இழுத்தாக வேண்டும். அந்தத் தொலைவில் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். கண்ணில் கூர்மை வைத்தால் காது மங்கிவிடும். கரும்போர்வைக்குள் தலையை நுழைத்து, பின்னால் பிம்பம் விழும் தேய்கண்ணாடியில் அத்தையின் இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெரியும்வரை திருகினேன். வெளியே வந்து பார்த்தால், லென்ஸ் மெல்லத் தலைகவிழ்ந்துகொண்டிருந்தது. 1840இல் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வகுத்து, வியன்னாவில் ஃபொய்க்ட்லெண்டர் நிறுவனம் செய்து விற்ற அந்தப் பழைய வகையில் ஷட்டர் கிடையாது. முன்மூடியைக் கழற்றி, நொடியை எண்ணி, மறுபடி மூட வேண்டும். மூடியில் கை பட்டதும் மிச்சமிருந்த பிடிப்பும் போயிற்று. படத்தில் அத்தையின் கழுத்துச் சங்கிலி அற்புதமாக விழுந்திருந்தது. கண்கள் விழவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது எடை எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லின் மேல் மூட்டையை வைத்தால் பாரம் நேராகக் கீழே இறங்கும். நமக்குத் ‘தாங்கி’ என்றதும் தோன்றும் படம் அதுதான். பித்தளை லென்ஸோ முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டத்தை முன்னால் சாய்க்கப் பார்க்கிறது. தேக்குக் கதவு தன் நிலையை இழுப்பது போன்ற இழுப்பு அது. வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து நிலை வைக்கிறோம். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார். நிலை சாய்ந்தால் கதவு சாத்தாது. கேமராவிலும் அதேதான்.

ஆகவே நான் முன்வைப்பது நிலைச்சட்டம். வெறும் ‘நிலை’ போதாது: ‘வில்லைநிலை’ என்றால் வில்லை, அதாவது லென்ஸ், இருக்கும் இடம் என்று படித்துவிடுவார்கள். ‘முன்நிலை’ புணர்ந்து ‘முன்னிலை’ ஆகிவிடும். அது தேர்தல் செய்திக்குரிய சொல். முன்புற நிலைச்சட்டம், பின்புற நிலைச்சட்டம் என்று முதலில் ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு முன்சட்டம், பின்சட்டம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

முன்சட்டத்தில் செருகி லென்ஸைப் பொருத்தும் பலகையான லென்ஸ் போர்டுக்கு வில்லைப்பலகை. இதில் சிக்கல் எதுவும் இல்லை. அதில் திருகி, லென்ஸைப் பிடிக்கும் மரையுள்ள பித்தளை வளையத்துக்கு ஒருவர் ‘பூண்’ என்றார். உலக்கைப் பூண் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பூண் மரத்தின் நுனியைச் சுற்றி இறுகுவது. இது பலகையின் முகத்தில் உட்காருவது. மரைவளையம் என்பதே சரி.

சொல் சரிதானா என்று அறிய, கேமரா வாங்கப் போகும் ஒருவருக்கு அந்தச் சொற்களால் அறிவுரை எழுதிப் பார்ப்பேன். இப்படி:

“எஃப்/4 துளையுள்ள 300 மி.மீ. லென்ஸின் வாய் மட்டுமே 75 மி.மீ. அதைச் சுற்றிக் குழாயும் மரைவளையமும் வர வேண்டும். 96க்கு 99 மி.மீ. அளவுள்ள லின்ஹாஃப் டெக்னிக்கா கேமராவின் வில்லைப்பலகையில் அதற்கு இடம் இருக்காது. சினார் கேமராவின் பலகை 140 மி.மீ. சதுரம்; உலோகத் தண்டில் நிற்கும் அதன் முன்சட்டமும் உறுதியானது. மரக் கேமராதான் வேண்டுமென்றால், ஆறு அங்குலச் சதுரப் பலகை ஏற்கும் எட்டுக்குப் பத்து டியர்டார்ஃபைப் பாருங்கள். துருத்தியை முழுதும் இழுத்து, முன்சட்டத்தின் உச்சியை விரலால் தள்ளிப் பார்த்தபின் விலை பேசுங்கள். ரப்பர் காற்றுக்குமிழை அமுக்கி இயக்கும் பக்கார்டு ஷட்டரைப் பலகைக்குப் பின்னால் பொருத்தினால் மூடியைத் தொடும் வேலை இல்லை; ஆனால் அதன் எடையும் முன்சட்டத்தின் தலையில்தான் விழும். வெளியே தூக்கிச் செல்லாதவர்கள் பழைய ஸ்டுடியோ கேமராவையே வாங்கலாம். அதன் முன்சட்டம் இத்தகைய லென்ஸுக்கென்றே செய்யப்பட்டது.”

இந்தப் பத்தியில் ‘முன்சட்டம்’ வரும் இடங்களில் ‘முன்தாங்கி’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள். “முன்தாங்கியின் உச்சியை விரலால் தள்ளி” என்றால் எனக்கு எதைத் தள்ளுவதென்று கண்ணில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா, எழுதுங்கள். முன்சட்டத்தைச் சாய்ப்பது, திருப்புவது, உயர்த்துவது ஆகிய அசைவுகளுக்கான சொற்களை இது முடிவானபின் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.